ஆன்லைனில் துணை தேடும்போது ஏமாறாமல் இருக்க: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டேட்டிங் செயலியில் இப்போதுதான் கணக்குத் தொடங்கப் போகிறீர்கள். அல்லது தொடங்கிச் சில நாட்களாகி, யாரோ ஒருவரிடம் பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். ஆன்லைனில் அறிமுகமாகி நல்லபடியாக வாழ்கிறவர்கள் ஏராளம்; உங்களைப் பயமுறுத்தி விரட்டுவது என் நோக்கமில்லை. ஆனால் மனிதர்களின் தனிமையை வைத்தே பிழைப்பு நடத்தும் கும்பல்களும் அதே இடத்தில்தான் வலை விரித்துக் காத்திருக்கின்றன. அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்துவிட்டால் பாதி ஆபத்து விலகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் நம்புகிற ஒருவரிடம், நண்பரோ அக்காவோ தம்பியோ யாராக இருந்தாலும் சரி, "நான் இந்தச் செயலியில் இருக்கிறேன், யாரிடமாவது பழக ஆரம்பித்தால் உன்னிடம் சொல்வேன்" என்று சொல்லி வையுங்கள். கீழே வருவதில் பாதியை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள். மோசடிக்காரர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி உங்களைத் தனியாக்குவதற்காகத்தான். "நம்ம விஷயம் இப்போதைக்கு நமக்குள்ளேயே இருக்கட்டும்", "உன் வீட்டில் இருப்பவர்களுக்கு நம்ம அன்பு புரியாது" என்றெல்லாம் சொல்வது அதற்குத்தான். இரண்டாவது ஆள் ஒருவர் கதையைக் கேட்டால், முதல் ஐந்து நிமிடத்திலேயே "இது என்ன, சரியில்லையே" என்று சொல்லிவிடுவார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கணக்குத் தொடங்கும்போது

வேறெதற்கும் பயன்படுத்தாத ஒரு மின்னஞ்சல் முகவரியில் கணக்கைத் தொடங்குங்கள். வங்கிக்கும் வேலைக்கும் கொடுத்திருக்கும் முகவரி இங்கே வேண்டாம். முழுப் பெயர் தேவையில்லை, அழைக்கும் பெயர் மட்டும் போதும். என்ன வேலை என்று எழுதலாம், எந்த நிறுவனம் என்று எழுத வேண்டாம். இன்ஸ்டாகிராம் கணக்கை இணைக்கச் சொல்லிச் செயலி கேட்கும், இணைக்காதீர்கள். உங்கள் நண்பர்கள் யார், நீங்கள் போகும் இடங்கள் எவை என்பதையெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரே தட்டில் எடுத்துக் கொடுத்தது போலாகிவிடும்.

படம் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். வேறு எந்தத் தளத்திலும் போட்டிராத படமாக இருக்கட்டும். ஃபேஸ்புக்கில் போட்ட அதே படத்தை இங்கேயும் போட்டால், யார் வேண்டுமானாலும் அதைப் படத்தேடலில் போட்டு உங்கள் முழுப் பெயர் வரை போய்விட முடியும். போடுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டை, பின்னால் நிற்கும் வண்டியின் எண், வீட்டுக் கதவு எண், ஜன்னல் வழியாகத் தெரியும் கட்டடம், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வெட்டிவிடுங்கள் அல்லது வேறு படம் எடுங்கள்.

இருப்பிடம் விஷயத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. "2 கிலோமீட்டர் தொலைவில்" என்று செயலி காட்டும் தூரம் பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும். ஆனால் ஒருவர் தன் இருப்பிடத்தை மாற்றி மாற்றி வைத்து மூன்று புள்ளிகளிலிருந்து அந்தத் தூரத்தை அளந்தால், வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உங்கள் வீடு வந்துவிடும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரபலமான சில டேட்டிங் செயலிகளில் இந்த வகையில் இருப்பிடத்தை நெருக்கமாகக் கண்டுபிடிக்க முடிந்தது என்று 2024-இல் காட்டினார்கள். அந்தந்த நிறுவனங்கள் அதைச் சரிசெய்ய நடவடிக்கை எடுத்திருக்கின்றன என்றாலும், தூரத்தை மறைக்கும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் அதை இயக்கி வைப்பதே நல்லது. போனின் அமைப்புகளில் 'துல்லியமான இருப்பிடம்' என்பதையும் அந்தச் செயலிக்கு மட்டும் நிறுத்தி வைக்கலாம்.

எதிரில் இருப்பவர் அவர்தானா?

அவர் போட்டிருக்கும் படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சுற்றியிருப்பதை வெட்டிவிட்டு ஆள் மட்டும் தெரியும்படி செய்து கூகுள் லென்ஸில் தேடுங்கள், அப்புறம் டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்திலும் தேடுங்கள். எதுவும் வரவில்லையென்றால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடிப் பாருங்கள். தேடலில் சிக்காமலிருக்க இப்படித் திருப்பிப் போடும் பழக்கம் அவர்களிடம் உண்டு. வேறொரு பெயரிலோ வேறொரு நாட்டு மாடலின் பக்கத்திலோ அதே படம் கிடைத்தால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடலாம்.

ஆனால் தேடலில் எதுவுமே வராததை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் முகங்களுக்கு இணையத்தில் மூலமே கிடையாது. பூட்டி வைத்த தனிப்பட்ட கணக்குகளிலிருந்து திருடிய படங்களும் தேடலில் வராது. செயலி கொடுக்கும் நீல அடையாளக் குறியும் அப்படித்தான். படத்தில் இருப்பவரும் கணக்கை இயக்குபவரும் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும் அது சொல்கிறது. அவர் நல்லவரா, சொல்வது உண்மையா என்பதெல்லாம் அந்தக் குறிக்குள் அடங்காது.

முதல் வாரத்துக்குள்ளேயே ஒரு வீடியோ அழைப்பு பேசிவிடுங்கள். நெட்வொர்க் சரியில்லை, கேமரா பழுது, வேலையிடத்தில் பாதுகாப்புக் காரணமாக அனுமதியில்லை என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தால், அவை எவ்வளவு நம்பும்படி இருந்தாலும் உங்கள் நேரத்தை அதற்குமேல் செலவழிக்காதீர்கள். அழைப்பில் முகம் தெரிந்துவிட்டாலும் முழுதாக நம்பிவிட முடியாத காலம் இது. 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை, டீப்ஃபேக் முகங்களை, அதாவது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலி முகங்களை, கொண்டு காதல் மோசடி செய்த ஒரு கும்பலில் 27 பேரைக் கைது செய்தது. அவர்கள் சுருட்டிய தொகை சுமார் 4.6 கோடி அமெரிக்க டாலர். எனவே பேசும்போது இயல்பாகவே சிலவற்றைச் செய்யச் சொல்லுங்கள்: முகத்தை முழுக்கப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லலாம், கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொல்லலாம், எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே காட்டச் சொல்லலாம். பொய் முகம் அந்த நேரங்களில் கலங்கவோ விலகவோ வாய்ப்பு உண்டு. தொழில்நுட்பம் வளர வளர இதுவும் பலிக்காமல் போகலாம். தவிர, வீடியோ அழைப்புக்கென்றே தனியாக ஆட்களை உட்கார வைக்கும் கும்பல்களும் இருக்கின்றன. ஆகவே வீடியோவில் பார்த்தாகிவிட்டது என்பதோடு எச்சரிக்கையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம் விட நம்பகமான சோதனை சாதாரணப் பேச்சுதான். அவர் இருப்பதாகச் சொல்லும் ஊரில் இப்போது மணி என்ன, வெயிலா மழையா, போன வாரம் சொன்ன அந்த நண்பரின் பிரச்சினை என்னவாயிற்று என்று கேளுங்கள். கும்பலாக இயங்கும் இடத்தில் ஒரே கணக்கை ஷிஃப்ட் மாற்றி இரண்டு மூன்று பேர் கவனிப்பார்கள். காலையில் நீளமாக, பிழையில்லாமல் எழுதியவர் இரவில் வேறு நடையில் எழுதுவார். தங்கையின் பெயர் மாறும். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் எங்கோ எழுதி வைத்ததை ஒட்டியது போல ஒரு பத்தி அன்பு வந்து விழும். இப்படிப்பட்டவற்றைக் கவனிக்கத் தொடங்கினால் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெரியவரும்.

செயலிக்குள்ளேயே பேசுங்கள்

பொருத்தம் (செயலியில் இருவரும் ஒருவரையொருவர் விரும்பித் தேர்ந்தெடுப்பது) கிடைத்த ஒரு மணி நேரத்திலேயே "இங்கே அதிகம் வரமாட்டேன், வாட்ஸ்அப் எண் தாங்க" அல்லது "டெலிகிராமுக்கு வாங்க" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் மோசடிக்காரர்கள் அனேகமாக எல்லோரும் அப்படிக் கேட்பார்கள். செயலிக்குள் பணம், இணைப்பு, கணக்கு எண் என்றெல்லாம் எழுதினால் அது கண்டுபிடித்து எச்சரிக்கக்கூடும். யாராவது புகார் கொடுத்தால் கணக்கே போய்விடலாம். வெளியே வந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நேரில் சந்திக்கும் வரை செயலியிலேயே பேசலாம் என்று சொல்லுங்கள். சில செயலிகளில் வீடியோ அழைப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது.

போனுக்கு வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை (ஓடிபி) யாருக்கும் சொல்லாதீர்கள். "தவறுதலாக உங்க எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்பிட்டேன், கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டால், உங்கள் வாட்ஸ்அப்பையோ வேறொரு கணக்கையோ அந்த நொடியில் கைப்பற்றிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி ஒரு பின் எண் வைத்துக்கொள்வதை இன்றே செய்துவிடுங்கள். "நீங்க நிஜ ஆள்தான்னு எனக்குத் தெரியணும், இந்தத் தளத்தில் சரிபார்த்துக்கோங்க" என்று இணைப்பு அனுப்பினால், அது உங்கள் கார்டு விவரத்தைப் பிடுங்கும் தளம்.

அந்தக் கதை எப்படி விரிகிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். "பணம் கேட்டால்தானே மோசடி, என்னிடம் அவர் எதுவுமே கேட்கவில்லையே" என்று நினைத்துத்தான் பெரும்பாலானோர் உள்ளே போகிறார்கள்.

முதல் இரண்டு வாரம் வெறும் அக்கறைதான். காலை எழுந்ததும் வணக்கம். மதியம் "சாப்பிட்டீங்களா? நேரத்துக்குச் சாப்பிடணும், சரியா?" இரவு தூங்கும்வரை பேச்சு. உங்கள் கடந்த காலம், பிரிந்தவர், கடன், சேமிப்பு, யாரோடு இருக்கிறீர்கள் என்பதெல்லாம் கேள்வி போலவே இல்லாமல் கேட்டு வாங்கப்படும். நீங்கள் விதவையென்றால் அவரும் துணையை இழந்தவராக இருப்பார். உங்களுக்கு நாய் பிடிக்கும் என்றால் அவரிடமும் ஒரு நாய் இருக்கும். மூன்றாம் வாரத்தில் கல்யாணப் பேச்சு வரும், இன்னும் ஒருமுறைகூட நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் கதை இரண்டு பாதையில் ஒன்றில் போகும். பழைய பாதை, அவசரம்: திடீரென்று ஏதோ ஓர் இக்கட்டு என்று சொல்லிப் பணம் கேட்பது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்திடம் 2022-இல் காதல் மோசடி பற்றிக் கிட்டத்தட்ட 70,000 பேர் புகார் செய்தார்கள். அவர்கள் இழந்தது மொத்தம் 130 கோடி டாலர். புகார் கொடுத்தவர்களில் பாதிப் பேர் 4,400 டாலருக்குமேல் இழந்திருக்கிறார்கள். அந்தப் புகார்களை ஆணையம் ஆராய்ந்து பார்த்தபோது மறுபடி மறுபடி வந்த பொய்கள் சிலதான்: எனக்கோ எனக்கு வேண்டியவருக்கோ உடம்பு சரியில்லை, அடிபட்டுவிட்டது, சிறையில் இருக்கிறோம்; நான் ராணுவத்தில் எங்கோ தூரத்தில் இருக்கிறேன்; முக்கியமான பார்சல் ஒன்று மாட்டிக்கொண்டது; முதலீடு செய்ய நான் சொல்லித் தருகிறேன்; எண்ணெய்க் கிணற்றிலோ கப்பலிலோ வேலை. நேரில் வர முடியாததற்கும் பணம் தேவைப்படுவதற்கும் ஒரே கதையில் காரணம் கிடைத்துவிடுகிறது என்பதைப் பாருங்கள்.

இரண்டாவது பாதை முதலீடு. இதில்தான் வீடு வாசல் வரை போகிறது. ஒருநாள் பேச்சுக்கு நடுவே ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும், ஏறிக்கொண்டே போகும் ஒரு வரைபடத்தோடு. "இன்னைக்கு நல்ல நாள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நீங்களே என்னவென்று கேட்பீர்கள். "அது ஒண்ணுமில்ல, கிரிப்டோல கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன். எங்க மாமாவுக்கு அதில் நல்ல அனுபவம்" என்பார். போடச் சொல்லமாட்டார். இரண்டு நாள் கழித்து நீங்கள் மறுபடி கேட்டால், "உனக்கு வேணும்னா கத்துத் தர்றேன், நம்ம எதிர்காலத்துக்குத்தானே" என்று ஒரு செயலியின் இணைப்பை அனுப்புவார். சிறு தொகை போடுவீர்கள். அது வளரும். "எடுத்துப் பாரு, அப்பதான் உனக்கு நம்பிக்கை வரும்" என்று அவரே சொல்வார். எடுப்பீர்கள், பணம் உண்மையாகவே உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

கொக்கி மாட்டுவது அந்த இடத்தில்தான். அந்தச் செயலி முழுக்க முழுக்க அவர்களுடையது. திரையில் தெரியும் இருப்புத் தொகை அவர்கள் தட்டச்சு செய்த எண். முதலில் திருப்பிக் கொடுத்தது, பெரிய தொகையை வரவழைப்பதற்கான செலவு. அதற்கப்புறம் சேமிப்பு போகும், நகை போகும், கடன் வாங்கிய பணம் போகும். மொத்தமாக எடுக்கப் போகும் நாளில் "வரி கட்டினால்தான் விடுவிப்போம்" என்று வரும். கட்டினால் "சரிபார்ப்பு வைப்புத்தொகை" என்று இன்னொன்று வரும். உங்களிடம் ஒன்றுமில்லை என்று தெரியும் நாளில் எல்லாம் மறைந்துவிடும். உங்கள் லாபத்திலிருந்தே வரியைக் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள், முடியாது என்பார்கள். அந்தப் பதில் ஒன்றே போதும்.

இவ்வளவு பொறுமை அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். இது தொழிற்சாலை போல நடக்கிறது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இத்தகைய ஆன்லைன் மோசடிகளைச் செய்யும்படி கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. நல்ல வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போய், பாஸ்போர்ட் பிடுங்கப்பட்டு, அடைத்து வைக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். உங்களுக்குக் காலை வணக்கம் அனுப்பும் விரல்கள் அடிக்குப் பயந்த ஒரு கைதியுடையதாகக்கூட இருக்கலாம். அதனால்தான் "இவ்வளவு நாள் பேசியிருக்கிறாரே, பொய்யாக இருந்தால் இத்தனை மெனக்கெடுவாரா" என்ற கணக்கு இங்கே செல்லாது.

பணத்துக்கு ஒரே விதி

நேரில் பலமுறை சந்தித்து, அவருடைய வீட்டையும் நண்பர்களையும் பார்த்துப் பழகாதவருக்கு எந்த வடிவத்திலும் பணம் கொடுக்காதீர்கள். எந்த வடிவத்திலும் என்றால், கிஃப்ட் கார்டு எண், கிரிப்டோ, போன் ரீசார்ஜ், உங்கள் பெயரில் கடன், உங்கள் பெயரில் சிம் கார்டு எல்லாம் சேர்த்துத்தான். "என் கணக்கு முடங்கிவிட்டது, உன் கணக்குக்கு ஒரு தொகை வரும், அதை இன்னொருவருக்கு அனுப்பிவிடு" என்பதும் இதில் அடக்கம். அது வேறொருவரிடம் ஏமாற்றிய பணமாக இருக்கும். நாளைக்குக் காவல்துறை தேடி வருவது உங்களைத்தான்.

நேரில் சந்தித்துவிட்டால் மட்டும் போதும் என்றும் இல்லை. 2019-இல் நார்வேயின் வி.ஜி. நாளிதழ் வெளிக்கொண்டுவந்த விவகாரத்தில், டிண்டர் என்ற டேட்டிங் செயலியில் அறிமுகமான பெண்களை ஒருவர் நேரிலேயே சந்தித்து, ஆடம்பர ஓட்டல்களையும் தனி விமானத்தையும் காட்டி நம்பவைத்து, பிறகு எதிரிகளால் தன் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி அவர்கள் பெயரில் கடன் வாங்க வைத்தது தெரியவந்தது.

கதை உருக்கமாக இருந்து மனம் இளகினால், "நாளை சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். நேர்மையான ஆள் பொறுத்துக்கொள்வார். மோசடிக்காரர் முதலில் கெஞ்சுவார், அடுத்து கோபப்படுவார், அதற்கும் அடுத்து "என் மேல் நம்பிக்கையே இல்லையா" என்று உங்களைக் குற்றவாளியாக்குவார். அந்த ஓர் இரவுக்குள் நீங்கள் சொல்லி வைத்த அந்த நபரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

அந்தரங்கப் படங்கள்

பேச ஆரம்பித்த அன்றைக்கே பேச்சை அந்தரங்கமாகத் திருப்பி, வீடியோவில் ஆடை களையச் சொல்கிறவர் அதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு முடிந்த சில நிமிடங்களில் அந்த வீடியோவும் உங்கள் நண்பர்கள், உறவினர்கள் பட்டியலும் சேர்ந்து வரும், கூடவே ஒரு தொகையும். ஆண்களும் இளைஞர்களும் இதில் நிறைய மாட்டுகிறார்கள், வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். தன்பாலீர்ப்பாளர்களிடம் "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்பதே மிரட்டலாக வரும்.

மாட்டிக்கொண்டால் பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால், இவர் கொடுப்பவர் என்று தெரிந்து தொகை ஏறும். மிரட்டல் செய்திகளையும் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, புகார் செய்து, தடை செய்யுங்கள். உங்கள் சமூக வலைத்தளங்களில் நண்பர் பட்டியலை உடனே மறையுங்கள். ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்ற இலவசத் தளம் ஒன்று இருக்கிறது. உங்கள் படத்தை அங்கே பதிவேற்ற வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை போன்ற ஒரு எண்ணடையாளம் உருவாக்கி, அதை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட தளங்களுக்குக் கொடுத்து, அந்தப் படம் அங்கே பரவாமல் தடுக்க உதவுகிறது. படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழ் இருந்தபோது எடுத்ததென்றால் அதற்கு டேக் இட் டவுன் (Take It Down) என்ற தனிச் சேவை உண்டு. இந்த மிரட்டலில் உயிரை விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களுக்கு இது நடந்துகொண்டிருந்தால், இன்றிரவே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

முதல் சந்திப்பு

ஆட்கள் நடமாடும் பொது இடம், பகல் நேரம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய சந்திப்பு. முதல் தடவைக்கு இவ்வளவு போதும். நீங்களே போய் நீங்களே திரும்புங்கள்; வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். எங்கே, யாரோடு, எத்தனை மணி வரை என்பதையும் அவருடைய படத்தையும் உங்கள் நண்பருக்கு அனுப்பிவிட்டு, நேரலை இருப்பிடத்தையும் வாட்ஸ்அப்பில் பகிருங்கள். "ஐந்து மணிக்கு நான் செய்தி அனுப்பவில்லை என்றால் நீ கூப்பிடு" என்று பேசி வையுங்கள். போனில் முழு சார்ஜ் இருக்கட்டும்.

இடத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பது நல்லது. பல நாடுகளில் நடக்கும் ஒரு ஏமாற்று இது: வருகிறவர் குறிப்பிட்ட ஒரு பாருக்கோ கஃபேவுக்கோ தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். உள்ளே போனதும் விலைப்பட்டியலில் இல்லாததையெல்லாம் அவரே ஆர்டர் செய்வார். பில் பலமடங்காக வரும், கட்டாமல் எழுந்தால் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். வந்தவரும் கடைக்காரரும் கூட்டு. அவர் சொன்ன இடம் பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் வேறொன்றைச் சொல்லிப் பாருங்கள், மறுக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். கடைசி நிமிடத்தில் "இடம் மாறிவிட்டது", "நேராக வீட்டுக்கே வந்துவிடுங்க" என்றாலும் போகாதீர்கள். தன்பாலீர்ப்பாளர்களைத் தனியிடத்துக்கு வரவழைத்து அடித்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் இந்த வழியைத்தான் பிடிக்கின்றன.

குடிப்பது எதுவானாலும் உங்கள் கண் முன்னால் வந்ததாக இருக்கட்டும். கழிவறைக்குப் போய் வந்தால் மீதியைத் தொடாதீர்கள், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். மனதுக்குச் சரியில்லை என்று பட்டால் எழுந்து வந்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தனியாக வெளியேற பயமாக இருந்தால் கடை ஊழியரிடம் நேரடியாகச் சொல்லி உதவி கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால்

தெரிந்த உடனே அவரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், "போலீசுக்குப் போகிறேன்" என்றும் சொல்லாதீர்கள். பேச்சையும் அழிக்காதீர்கள். டிண்டர் போன்ற செயலிகளில் பொருத்தத்தை நீக்கினால் பேசியது முழுக்க மறைந்துவிடும் என்பதால் முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அடுத்த போன் உங்கள் வங்கிக்கு. மணிக்கணக்கு முக்கியம், பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்த வாய்ப்பு உண்டு. கிரிப்டோவில் அனுப்பியிருந்தால் வாலட் முகவரியையும் பரிவர்த்தனை எண்ணையும் எழுதி வையுங்கள். அதன்பின் உங்கள் நாட்டின் சைபர் குற்றப் பிரிவில் புகார், அதையும் தொடர்ந்து எல்லாக் கடவுச்சொற்களும் மாற வேண்டும்.

இதோடு முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொருவர் வருவார். "நீங்க இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்பார், வழக்கறிஞர் என்றோ ஹேக்கர் என்றோ அதிகாரி என்றோ சொல்லிக்கொண்டு. முன்பணம் கேட்டால் அவரும் மோசடிக்காரர்தான்; பல சமயம் அதே கும்பல், அதே பட்டியல்.

ஏமாந்தவர்களை இந்த உலகம் நடத்தும் விதம்தான் எனக்குப் பெரிய வருத்தம். பிரான்ஸில் ஒரு பெண், பிரபல ஹாலிவுட் நடிகர் ஒருவரோடு பழகுவதாக நம்பி 8,30,000 யூரோ இழந்தார். அந்த நடிகர் மருத்துவமனையில் இருப்பது போலச் செயற்கையாக உருவாக்கிய படங்களைக்கூட அனுப்பியிருந்தார்கள். 2025 ஜனவரியில் அந்தப் பெண் தொலைக்காட்சியில் தன் கதையைச் சொன்னதும் வந்து குவிந்த கேலியில், அந்த நிகழ்ச்சியையே தொலைக்காட்சி நிறுவனம் விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இதைப் பார்க்கிற இன்னொருவர் எப்படி வெளியே வந்து சொல்வார்?

உங்களுக்குத் தெரிந்த ஒருவர், அம்மாவோ பெரியப்பாவோ நண்பரோ, இப்படி ஒன்றில் இருப்பதாகச் சந்தேகப்பட்டால், "உனக்கு அறிவில்லையா" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த நிமிடமே அவர் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். அவர் பேசுவதை முழுதாகக் கேளுங்கள். அந்த அன்பு அவருக்கு நிஜமாகவே கிடைத்தது, அதை இழப்பதும் ஒரு துக்கம்தான். பிறகு இருவரும் சேர்ந்து செய்யும்படி ஏதாவது சொல்லுங்கள்: "வா, அவர் படத்தை ஒருமுறை தேடிப் பார்ப்போம்", "நானும் பக்கத்தில் இருக்கிறேன், ஒரு வீடியோ கால் போடு." அப்படியும் நம்பவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம். வங்கிக் கணக்கில் ஒருநாளைக்கு அனுப்பக்கூடிய தொகையின் வரம்பைக் குறைத்து வைக்க மட்டும் அவரைச் சம்மதிக்க வையுங்கள். பெரும்பாலான வங்கிச் செயலிகளில் அமைப்புகளுக்குள் போனால் இரண்டு மூன்று நிமிட வேலைதான். அவர் போனை அவர் கையிலேயே வைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள்.